பன்னிரண்டு வினாடிக்கு ஒரு வேட்டு

எங்கள் ஊர் பேண்டு கிளப்பின் செயலாளர் நான். பெயர் விஸ்டின். ஊர்ப் புனிதரின் திருவிழாவை நடத்துவது எங்கள் கிளப்தான்; அந்த வாரத்தில் எந்த வேட்டு எத்தனை மணிக்கு என்று அட்டவணை போடுவது என் வேலை. அதைப் பிசகாமல் வெடிப்பது என் தங்கை டொரிஸின் கணவன் சல்வுவின் வேலை. நண்பகலில் இருபத்தொரு அதிர்வேட்டு, பன்னிரண்டு வினாடிக்கு ஒன்று. முப்பது வருடத்தில் சல்வு ஒரு வினாடிகூடத் தவறியதில்லை. மால்டா முழுக்க இதைப் பீற்றிக்கொண்டு திரிகிறவன் நான்.

அவன் மகள் இலேனியாவுக்கு வயது பதினேழு. பல நாட்டுப் பிள்ளைகள் கலந்துகொள்ளும் இணையவழிப் பேச்சுப்போட்டியில் இரண்டு வருடமாகத் தோற்றிருந்தாள். இரண்டு முறையும் நடுவர்கள் அனுப்பிய குறிப்பு ஒன்றுதான்: வேகம் அதிகம், பின்தொடர முடியவில்லை. உண்மைதான். அவள் பேச ஆரம்பித்தால் எப்போது மூச்சு விடுகிறாள் என்று எனக்கே தெரியாது. பதினெட்டு ஆகிவிட்டால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இந்த வருடம்தான் கடைசி.

முதல் சுற்று திருவிழா வாரத்தில் வந்து விழுந்தது. அவளுக்கு ஒதுக்கிய நேரம் வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு. மாற்ற முடியாது என்று எழுதிவிட்டார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் கிளப்புக்கே வந்து நின்றாள்.

“மாமா, நாளைக்கு ஒரு அஞ்சு நிமிஷம் தள்ளி வெடிக்கச் சொல்லுங்க.”

“அஞ்சு நிமிஷமா? எதிர் கிளப்காரன் சும்மா இருப்பானா? மருந்து நமுத்துப்போச்சுன்னு அடுத்த வருஷம் வரைக்கும் சொல்லிக்காட்டுவான்.”

“நம்ம புனிதருக்கு அஞ்சு நிமிஷம் பொறுமை இருக்காதா?”

“அவருக்கு இருக்கும். எனக்கு இல்ல. உங்கப்பா கூடப்பிறந்த அத்தை வீட்டுக்குப் போய்ப் பேசு.”

“அத்தை வீட்டுக்குப் பக்கத்துல கட்டடம் இடிக்கிறாங்க.”

எங்கள் தீவில் வேட்டு இல்லாத இடத்தில் கட்டட வேலை இருக்கும்.

அழுவாள் என்று நினைத்தேன். அவளோ சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் படம் எடுத்துக்கொண்டாள். “அப்பாவ ஒரு வினாடிகூட மாத்தாம வெடிக்கச் சொல்லுங்க. மாத்தினார்னா உங்கள சும்மா விடமாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் டொரிஸ் என்னை இழுத்துப்போய்ச் சமையலறையில் உட்கார வைத்தாள். “நீ பண்ண வேலைய நீயே வந்து பாரு அண்ணே.”

அடுத்த அறையில் இலேனியா மடிக்கணினி முன்னால் நின்றாள். முதல் வேட்டு வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு கேமராவைப் பார்த்தாள். சத்தம் அடங்கியதும் இரண்டு வாக்கியம் பேசினாள். நிறுத்தினாள். வேட்டு வெடித்தது. மறுபடி பேசினாள். அட்டவணையை வைத்துப் பேச்சையே வெட்டித் தைத்திருக்கிறாள் என்பது எனக்கு ஐந்தாவது வேட்டில்தான் உறைத்தது. இருபத்தொன்றாவது வெடித்து அடங்க, நன்றி சொல்லி முடித்தாள்.

நான்காம் நாள் முடிவு வந்தது. வெளிச் சத்தத்தை அந்தச் செயலியே வடிகட்டிவிடுமாம். நடுவர்களுக்கு வேட்டு ஒன்றுகூடக் கேட்கவில்லை. “ஒவ்வொரு கருத்துக்குப் பிறகும் எங்களை யோசிக்க விட்டாள்” என்று புகழ்ந்து இறுதிச் சுற்றுக்கு அனுப்பியிருந்தார்கள்.

“பாத்தீங்களா மாமா, புனிதர் பாஸ் போட்டுட்டாரு!”

“அவரு எங்க போட்டாரு? என் அட்டவணை போட்டுச்சு” என்றேன்.

இறுதிச் சுற்று மூன்று வாரம் கழித்து. தலைப்பு ‘ஒரு சத்தம்’. திருவிழா முடிந்துவிட்டது. போலீஸ் அனுமதி இல்லாமல் ஊசிவெடிகூட வெடிக்க முடியாது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்த்தாள். வார்த்தை எதுவும் புரியவில்லை, வேகம் மட்டும் வெளியே கேட்டது. நான்கு நிமிடப் பேச்சை இரண்டரை நிமிடத்தில் முடித்துவிட்டு அழுதுகொண்டே வந்தாள்.

“வேட்டு இல்லாம எனக்கு நிறுத்த வரலப்பா.”

சல்வு அதிகம் பேசுகிறவன் இல்லை. “பன்னெண்டு வினாடிதானே?” என்றான். அவள் தலையாட்டினாள். “சரி.”

இறுதிச் சுற்று அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மடிக்கணினிக்குப் பின்னால் போய் நின்றான். இடது கையில் ஸ்டாப்வாட்ச். வலது கையை உயர்த்தி, பன்னிரண்டாவது வினாடியில் இறக்குவான். அவள் நிறுத்த வேண்டும். யாரும் வார்த்தை எடுத்துக்கொடுக்கக் கூடாது என்பதுதான் விதி. சல்வு வாழ்நாளில் யாருக்கும் வார்த்தை எடுத்துக்கொடுத்தவன் இல்லை. நானும் டொரிஸும் சுவரோடு ஒட்டி நின்றோம்.

“எங்கள் வீட்டில் யாரும் வேட்டுக்குப் பயப்படுவதில்லை. அட்டவணையில் இருக்கும் வேட்டுக்கு.”

கை இறங்கியது. நிறுத்தினாள்.

“என் அப்பா ஊருக்கு வெளியே வெடி ஆலையில் வேலை செய்கிறார். சில நாள் சோதனைக்கு ஒரு வேட்டு வெடித்துப் பார்ப்பார்கள். அது எந்த அட்டவணையிலும் இருக்காது. சோதனையா விபத்தா என்று வீட்டில் தெரியாது.”

கை இறங்கியது.

“அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்பை அணைத்துவிடுவாள். போனை மேசைமேல் வைத்து அதன் எதிரில் உட்காருவாள். அப்பாவைக் கூப்பிட முடியாது. ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது.”

டொரிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு இது தெரியாது. இருபது வருடமாக அட்டவணை போடுகிறவன், சொந்தத் தங்கையின் அடுப்பு அணைவது தெரியாமல் இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

“இரண்டு மணி நேரம் கழித்து அப்பா கதவைத் திறந்து, சாப்பாடு ஆச்சா என்பார். அம்மா மறுபடி அடுப்பைப் பற்றவைப்பாள். ஏன் தாமதம் என்று ஒருநாளும் அவரிடம் நாங்கள் சொன்னதில்லை.”

சல்வுவின் கை இறங்கவில்லை. ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது, அவன் அதைப் பார்க்கவே இல்லை. உயர்த்திய கையோடு மகளைப் பார்த்தபடி நின்றான். போச்சு, இனி ஒரே ஓட்டமாக ஓடிவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் ஓடவில்லை. அப்பாவைப் பார்த்து, தானாகவே நிறுத்தினாள். கடைசி வரைக்கும் நிறுத்தி நிறுத்தித்தான் பேசினாள். அந்தக் கை அப்படியே மேலேதான் இருந்தது.

இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு ஒரு லாட்வியப் பையனுக்குப் போனதில் எனக்கு இன்னும் ஆத்திரம்தான்.

இப்போதும் ஆலையில் சோதனை வேட்டு வெடிக்கிறது. வெடித்ததும் சல்வு வேலையைப் போட்டுவிட்டு, போனை வைத்திருக்கும் வெளிக்கேட்டு வரைக்கும் நடக்கிறான். டொரிஸ் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் போன் அடிக்கிறது. “நான்தான்” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறான்.