அஸ்லாக் கொட்டிய சுண்ணாம்பு

அன்று காலை ஓடைக்கரையில் இருந்தவர்கள்: சுண்ணாம்புக் கோபுரத்தைப் பார்த்துக்கொள்ளும் சுன்னிவா. மீன்பிடிச் சங்கத் தலைவர் அஸ்லாக். வாஃபிள் டப்பாவோடு அவர் மனைவி போர்ஹில்ட். கிறிஸ்டியான்சாண்ட் நகரத்திலிருந்து காரில் வந்த நீர் ஆய்வாளர் யோருன். தண்ணீருக்குள், கம்பிக்கூண்டில், பன்னிரண்டு டிரவுட் மீன்கள்.

பன்னிரண்டும் உயிரோடு இருந்தன. யோருன் முகமெல்லாம் சிரிப்பு. சுன்னிவா சிரிக்கவில்லை.

பழைய கதை அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். எங்கெங்கோ இருந்த ஆலைகளின் புகை, கந்தகமும் நைட்ரஜனுமாக, மழையோடு இந்தக் காட்டில் இறங்கியது. ஓடை அமிலமாகிப் புளித்தது, மீன் செத்தது. பிறகு கோபுரம் கட்டி, புளிப்பை முறிக்கச் சுண்ணாம்புக்கல் மாவை ஓடையில் கலந்து, மீனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கந்தகம் குறைந்து வெகுகாலமாகிவிட்டது. மிச்சமிருந்த கேள்வி நைட்ரஜன். மழையோடும் பனியோடும் வந்து விழுவதை மரமும் பாசியும் மண்ணும் பிடித்து வைத்துக்கொள்கின்றனவா, இல்லை, வயிறு முட்டத் தின்றவன் போல மிச்சத்தை ஓடையில் விடுகின்றனவா? விட்டால், பனி உருகும் நாட்களில் ஓடை மறுபடி புளிக்கும். அதைப் பார்க்கத்தான் இந்த வசந்தத்தில் கோபுரத்தை நிறுத்திவிட்டுக் கூண்டில் மீனை விட்டார்கள். மீன் பிழைத்தால் கோபுரத்தை மூடிவிடலாம்.

மூட வேண்டும் என்று மற்ற எல்லோரையும்விட ஆசைப்பட்டவள் சுன்னிவா. இயந்திரம் நின்றால் அவளிடம் இருக்கும் கோபுரத்துக் கைபேசி அலறும். குழாய் அடைத்துக்கொள்வதோ பெரும்பாலும் ஊர் தூங்கும்போதுதான். ஒரு மணி நேரத் தொலைவைத் தாண்டி அவள் எங்கேயும் போய் வருடங்களாகின்றன. வேலையை விட்டுவிடலாம்தான். விட்டால் எடுத்துக்கொள்ள ஆளில்லை. மீன் செத்தால் சுன்னிவா கொன்றாள் என்பார்கள். பெர்கன் துறைமுகத்திலிருந்து வடக்கே போகும் கப்பலில் அவளுக்குச் சமையல் வேலை காத்திருந்தது. இந்த மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

முந்தின நாள் கூண்டைப் பார்க்க வந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் பாலத்தை ஓடை தாண்டிய பிறகு, கூண்டுக்கு வந்து சேரும் முன், கல்லிடுக்குகளில் வெள்ளைச் சேறு. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். வயலுக்குப் போடும் சுண்ணாம்பு. கரையின் பனியில் சறுக்குவண்டித் தடம் ஒன்று நேராக அஸ்லாக்கின் களஞ்சியத்துக்குப் போனது.

அதற்கும் மேலே, பாலத்தில் எடுத்த பாட்டில் தண்ணீரில் இது தெரியாது. அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கோபுரம் மூடப்படும், கப்பல் கிடைக்கும். அன்று இரவு அவள் நன்றாகத் தூங்கினாள். அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பன்னெண்டும் ஜோரா நீந்துது," என்றாள் யோருன். "நைட்ரேட்டும் ரொம்பக் கம்மி. காடு கெட்டியா புடிச்சு வெச்சிருக்கு. மூடலாம்னு எழுதிடறேன்."

"அவசரப்படாதம்மா," என்றார் அஸ்லாக். "இலையுதிர் காலத்து மழையையும் பாத்துட்டு..."

"எழுதாத யோருன்," என்றாள் சுன்னிவா. "இந்த மீனெல்லாம் கணக்குல வராது."

நல்லவள் என்பதால் சொல்லவில்லை. அடுத்த வசந்தத்தில், வடக்கே ஏதோ ஒரு துறைமுகத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு, மீன் என்ன ஆயிற்றோ என்று நினைத்துக்கொண்டிருக்க அவளால் ஆகாது.

நாலு பேரும் நடந்துபோய்க் கல்லைப் பார்த்தார்கள். மூன்று பேர் கல்லைப் பார்த்தார்கள், அஸ்லாக் வானத்தைப் பார்த்தார்.

"மூட்டை கொறையுதேன்னு கேட்டேன்," என்றாள் போர்ஹில்ட். "எலின்னு சொன்னீங்க."

"நீயும் நம்பினியே."

"எலி சுண்ணாம்பு தின்னுமான்னு அப்பவே யோசிச்சேன். வயசான காலத்துல எதுக்குச் சண்டைன்னு விட்டேன்."

அஸ்லாக் தொப்பியைக் கழற்றினார். "என்ன செய்யச் சொல்றீங்க? சின்ன வயசுல வெள்ளை வயித்தோட மெதந்ததையெல்லாம் கூடையில அள்ளினவன் நான். பனி உருகற சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் வராது. கூண்டுல கெடக்கறதுக்கு ஓடித் தப்பிக்கக்கூட வழியில்ல."

"கோபுரத்த மூடக்கூடாதுன்னு கூட்டத்துக்குக் கூட்டம் மேஜையத் தட்டினது நீங்க," என்றாள் சுன்னிவா. "இப்ப மீனப் பொழைக்க வெச்சு, அத மூட வெக்கப் பாத்ததும் நீங்க. அத யோசிச்சீங்களா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "இல்ல," என்றார்.

யோருன் பெருமூச்சு விட்டாள். "நைட்ரேட் கணக்கு செல்லும், அது சுண்ணாம்புக்கு மேல, பாலத்துல எடுத்த தண்ணி. நல்ல சேதிதான். ஆனா அடுத்த வசந்தத்துல மறுபடியும் மீன் விட்டுப் பாக்கணும். அதுவரைக்கும் கோபுரம் ஓடணும்." சொல்லிவிட்டு சுன்னிவாவைப் பார்த்தாள். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். எத்தனையோ வருடங்களாக அப்படித்தான்.

"ஓடட்டும்," என்றாள் சுன்னிவா. "நான் ஓட்டப்போறதில்ல."

"அப்ப யாரு?"

"எப்படியும் தூங்காம கெடக்கறவரு ஓட்டட்டும்."

"எனக்கு முழங்கால் வலி இருக்கு, சுன்னிவா, உனக்கே தெரியும்."

"மூட்டையத் தூக்கும்போது அந்த முழங்கால் எங்க போச்சு?" என்றாள் போர்ஹில்ட்.

அஸ்லாக் ஓடையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கடைசியில் கையை நீட்டினார். சுன்னிவா சாவியையும் கோபுரத்துக் கைபேசியையும் அதில் வைத்தாள். பெர்கனுக்கு எப்போது பேசலாம் என்று அவள் மனம் அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது, ரொம்ப இல்லை.

யோருன் கூண்டைத் திறந்துவிட்டாள். போர்ஹில்ட் வாஃபிளையும் பழுப்புச் சீஸையும் எடுத்து நீட்டினாள். பிறகு எல்லோரும் கோபுரத்துக்கு ஏறினார்கள்.

"எந்த சுவிட்சு?" என்று கேட்டார் அஸ்லாக்.

"செவுத்துல எழுதி ஒட்டியிருக்கேன்."

"கண்ணாடி எடுத்துட்டு வரலியே."

"பெரிய எழுத்துதான்," என்றாள் சுன்னிவா. "தூக்கக் கலக்கத்துல படிக்கறதுக்காக எழுதினது."

கண்ணாடியில்லாமல் தான் சுவிட்சைத் தேடுவதை மூன்று பெண்களும் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்குத் தாங்கவில்லை. உள்ளே போனவர் கதவைச் சாத்தி, உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டார்.