மலைக்குப் போய்வந்த பூட்ஸ்

ஆக்லாந்து விமான நிலையத்தில் அந்த இளம் அதிகாரி பூட்ஸைத் தலைகீழாகத் திருப்பியபோது, அம்புஜம் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அடிப்பாகத்துப் பள்ளங்களில் அப்பியிருந்த மண்ணைத்தான் பார்த்தாள். சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம். காய்ந்து ஓரங்களில் வெடித்திருந்தது. வெளிநாட்டு மண்ணோடு எந்தச் செருப்பும் இந்த நாட்டுக்குள் நுழைய முடியாது என்பது இத்தனை வருஷம் இங்கே வாழ்ந்தவளுக்குத் தெரியாததல்ல. கேட்டவுடனேயே பூட்ஸ் இருப்பதைச் சொல்லிவிட்டாள். பொய் சொல்லிக் கொண்டுவந்த பொருள் வீட்டில் தங்காது என்பது அவள் நம்பிக்கை. கழுவித் தருகிறேன், கொஞ்சம் காத்திருங்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். அம்புஜம் தலையாட்டினாள்.

அது அவள் கணவர் சதாசிவத்தின் பூட்ஸ். நேபாளத்து மலைக்கோயிலான முக்திநாத்துக்குப் போவதற்கென்றே வாங்கினார். புது பூட்ஸ் காலுக்குப் பழக வேண்டுமென்று, ஹில்ஸ்பரோ வீட்டிலிருந்து தினமும் சாயங்காலம் நடந்து போய் மவுண்ட் ராஸ்கில் குன்றின் உச்சியைத் தொட்டுவிட்டு வருவார். அந்தக் கோயிலின் நூற்றெட்டு நீர்த்தாரையில் அவர் நனைவதை அவள் போட்டோ எடுக்க வேண்டும். குளிருக்கு அவர் அலறினாலும் அவள் சிரிக்கக் கூடாது. அப்படித்தான் பேச்சு. மார்ச்சில் ஒரு நாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் சமைத்தாள், துணி மடித்தாள், விளக்கேற்றினாள். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்குமோ, எல்லாம் அப்படி இருந்தது. தொடுவது தெரியும், தொடப்படுவது தெரியாது.

"டிக்கெட் இருக்கில்லம்மா. கோயில்காரங்க கூடத்தானே, போயிட்டு வா" என்றான் மகன் வெற்றி.

"வருஷம் திரும்பாம மலை ஏறக் கூடாதுடா."

"நாம இருக்கற ஊரே எரிமலைமேலதான் இருக்கு. தினம் டெய்ரிக்குப் பால் வாங்க எறங்கி ஏறுறியே, அது என்ன கணக்கு?"

"அது வீடு. அங்க சாமி கிடையாது."

"பூஜை ரூம்ல இருக்கறவருக்குக் காது கேக்கும்மா."

அவளைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறான் என்று புரிந்தது. உதடுதான் கேட்கவில்லை. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். காத்மாண்டு மலையல்ல, மலைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தாக்கு, ராஜாக்கள் ஆண்ட ஊர். அதுவரை போகலாம். மற்றவர்கள் முக்திநாத்துக்கு ஏறும்போது அவள் விடுதியில் இருந்துகொள்வாள். பெட்டி கட்டும்போது பூட்ஸையும் சாமி சாமான்கள்மேல் படாமல் தனிப்பையில் வைத்தாள். எதற்கு என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

காத்மாண்டுவில் முதல் நாளே, பழைய அரண்மனைச் சதுக்கத்தில், சிவனேசனின் பூட்ஸ் வாயைப் பிளந்தது. சிவனேசன் யாழ்ப்பாணத்துக்காரர், ஆக்லாந்தில் ஹென்டர்சன் பக்கம் பஸ் ஓட்டுகிறவர். இந்தப் பயணத்தை ஒழுங்கு செய்தவரும் அவர்தான். கழன்ற அடிப்பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு செங்கல் தரையில் ஒற்றைக் காலில் நின்றார்.

"பதினைஞ்சு வருசம் அலுமாரிக்குள்ள கிடந்தது அக்கா. நடக்காமல் வச்சிருந்தால் மனுசரும் இப்பிடித்தான்."

விடுதிக்குத் திரும்பியதும் அம்புஜம் அந்தப் பையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது அண்ணையின்ர" என்றார் சிவனேசன்.

"ஆமா. அளவு சரியா இருக்கான்னு பாருங்க தம்பி."

இறந்தவர் செருப்பைப் போடக் கூடாது என்பது இருவருக்கும் தெரியும். அவர் பூட்ஸைப் பையிலிருந்து எடுத்தார். பிறகு இரண்டையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு காலை நுழைத்தார்.

"எனக்குக் கதைக்காமல் நடக்கத் தெரியாது. அண்ணையோட கதைச்சுக்கொண்டு போறன்" என்றார்.

மற்றவர்கள் முக்திநாத்துக்குப் போன பிறகு அம்புஜம் தனியாக அந்த ஊரைச் சுற்றினாள். பூகம்பத்தில் அசைந்த பழைய கட்டடங்கள் சிலவற்றுக்கு இன்னும் மரக்கட்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கட்டையில் ஒருவன் சைக்கிளைச் சாய்த்திருந்தான். அதன் நிழலில் ஒருத்தி முள்ளங்கி விற்றாள். செதுக்கிய ஜன்னல்களில் மயில்கள் தோகை விரித்திருந்தன. அழகாக இருக்கிறது என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல. பசுபதிநாதர் கோயிலுக்கு எதிர்க்கரையில் உட்கார்ந்தபோது, ஆற்றுக்கு அப்பால் ஒரு மகன் தகப்பனின் சிதையைச் சுற்றி வந்தான். அவள் முழுவதும் பார்த்தாள். அழுகை வருமென்று காத்திருந்தாள், வரவில்லை. பக்கத்தில் இருந்த யாரோ ஒருத்தி, பேச்சு ஒன்றுமில்லாமல், தன் சால்வையின் ஒரு பாதியை அவள் தோளில் போட்டாள். கடவுள் உதவும் கைகளைக் குறைவில்லாமல்தான் அனுப்புகிறார். அம்புஜத்துக்கு அன்று அந்தச் சால்வையின் கனம் மட்டும் தெரிந்தது.

சிவனேசன் மலை வெயிலில் மூக்கு வெந்து திரும்பி வந்தார். விரித்த பேப்பரில் பூட்ஸை வைத்தார்.

"அண்ணை நல்லா நடந்தவர் அக்கா. ஏத்தத்தில ரெண்டு தரம் மூச்சு வாங்கினது நான்தான். கோயில் வாசல்ல கழட்டி, சந்நிதியைப் பாக்க வச்சிட்டுத்தான் உள்ள போனனான்." பிறகு தயங்கி, "மண்ணைத் துடைக்கேல்லை. எப்பிடியும் ஆக்லாந்தில கழுவுவினம். அதுவரைக்குமாவது இருக்கட்டும்" என்றார்.

இப்போது விமான நிலையத்தில், அந்த அதிகாரி பூட்ஸோடு போன கதவுக்குப் பின்னால் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது. ஒரு சிட்டிகை மண் தருவீர்களா என்று கேட்க ஆங்கில வாக்கியம் ஒன்றை மனதில் கட்டிப் பார்த்தாள். அவர் ஏறாத மலையில் அவர் ஏறியதற்குச் சாட்சியாக இருப்பது அந்த மண் ஒன்றுதான். ஆனால் சதாசிவம் பாயசத்துக்குக் கொண்டுவரும் ஏலக்காயைக்கூட அதிகாரியிடம் எடுத்துக்காட்டுகிற மனிதர். கேட்டால் அவரே கோபித்துக்கொள்வார். அவள் கேட்கவில்லை. தள்ளுவண்டியைப் பிடித்தபடி சிவனேசனும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண் திரும்பி வந்தாள். பூட்ஸ் புதிதுபோல் இருந்தது. ஈரம் இழுக்கட்டுமென்று இரண்டுக்குள்ளும் காகிதத் துண்டுகளைத் திணித்து, பிரியாமலிருக்க நாடாக்களைச் சேர்த்து முடிந்திருந்தாள். அவள் அதைச் செய்திருக்க வேண்டியதில்லை. யாருடையது என்று கேட்டாள். கணவருடையது என்றாள் அம்புஜம். அவர் மலைக்குப் போனாரா என்று கேட்டாள் அந்தப் பெண்.

சிவனேசன் நிமிர்ந்தார்.

"யெஸ்" என்றாள் அம்புஜம். "ஹி வாக்ட் வெல்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெற்றி கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவள் பூட்ஸை வாங்கினாள். கொதிநீரில் கழுவியிருப்பார்கள் போலும். ஒன்றுக்குள்ளிருந்த காகிதத்தை விலக்கிக் கையை நுழைத்தாள். குதிகால் படுகிற இடம் வரை வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் கழற்றி வைத்ததுபோல. வரிசை நகர்ந்தது. சிவனேசன் தள்ளுவண்டியை மெல்ல உருட்டினார். அவள் கையை வெளியே எடுக்காமலே நடந்தாள்.