கழுவிய கோப்பைகள்

தேநீரை உதட்டருகே கொண்டுபோனபோதுதான் அவளுக்கு கிரீஸ் வாடை அடித்தது. கோப்பையைத் திருப்பிப் பார்த்தாள். பிடி உடைந்த பச்சைக் கோப்பை. நேற்று மாலை வரை இது கொட்டகையில், ஜன்னலோரப் பலகையில், மற்றவற்றோடு வரிசையில் நின்றது.

கூடத்தில் கணவர் போர்த்தியபடி படுத்திருந்தார். தூங்கியவர் எழவில்லை. நெஞ்சுதான் காரணம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் கைகளில் எல்லாம் அந்தப் பலகைக் கோப்பைகள்தான்.

எழுந்து அடுக்களைக்குப் போனாள். நாத்தனார் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் போன துக்கத்தில் அவளுக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

"இந்தக் கோப்பைங்கள எங்கேருந்து எடுத்தே?"

"ஷெட்லேருந்துதான் அண்ணி. வந்தவங்களுக்குக் குடுக்க டம்ளர் பத்தலை. அண்ணன் எல்லாத்துலயும் போல்ட்டாப் போட்டு வெச்சிருந்தாரு. நல்லாத் தேய்ச்சுட்டேன்."

"உள்ள இருந்தது?"

"பக்கெட்ல கொட்டிட்டேன். பத்திரமா இருக்கு, ஒண்ணுகூடப் போகலை."

அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் 'மைதானம்'. விளையாட்டு மைதானங்களில் சின்ன டிராக்டரை ஓட்டிப் புல் வெட்டுவது தொழில். கியர் மாற்றும் வம்பே இல்லாத வண்டி. பெடலை மிதித்தால் போதும், முன்னாலும் போகும் பின்னாலும் போகும். எண்ணெயின் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் ஹைட்ரோப் பெட்டிதான் அதற்கு உயிர். அந்தப் பெட்டி தேய்ந்துபோய், சூடேறினால் வண்டி மேட்டில் முனகிக்கொண்டு நின்றுவிடும். ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள் என்று அவள் சொன்னது செவிடன் காதில் ஊதிய சங்குதான். மனிதர் வேறொரு வண்டியின் பெட்டியை வாங்கி வந்து, டிராக்டரை நட்டநடுவில் இரண்டாகப் பிரித்துப் போட்டார்.

கழற்றிய போல்ட்டுகள் ஒரே தடிமன், நீளம்தான் வேறு வேறு. நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் பெட்டி விரிசல் விடும். அதற்காகத்தான் கோப்பை கோப்பையாகப் பிரித்து வைத்தார். எந்தக் கோப்பை எந்த இடத்துக்கு என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

"டீன்னு நெனச்சு ஒரு நாள் போல்ட்டைக் குடிக்கப் போறீங்க" என்று நேற்றுகூடச் சொன்னாள்.

"இரும்புச்சத்து உடம்புக்கு நல்லதுடி" என்றார். "பெட்டியை உட்கார வெச்சாச்சு. நாளைக்குப் போல்ட்டைப் பூட்டிட்டா உன் கோப்பை உனக்கு."

டார்ச் பிடிப்பதுதான் அவளுடைய வேலை. அதையும் ஒழுங்காகச் செய்ததில்லை. வேலையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள், வெளிச்சமும் கூடவே போய்விடும். "மூஞ்சில அடிக்காதடி, கையில அடி" என்று கத்துவார்.

"யாரைக் கேட்டுடி கொட்டினே?"

நாத்தனாரைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் கூடம் அடங்கியது. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே, என்ன கல்நெஞ்சம் என்று முணுமுணுத்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அது அவர் கையால வெச்சதுடி. அப்படியே வெச்சிட்டுப் போனாரு..." அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாத்தனார் நுரைக் கையோடு விக்கித்து நின்றாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பியதும் நாத்தனாரின் கணவர் கொட்டகையை ஒரு நோட்டம் விட்டுவிட்டு வந்தார். "பாதி இங்க கெடக்கு, பாதி அங்க கெடக்கு. இனிமே யாரு அக்கா இதைச் சேர்க்கப் போறா? பழைய இரும்புக்குப் போட்டுரலாம். நாளைக்கே ஆள வரச் சொல்றேன்."

மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் போனை எடுத்தார்.

"போனை உள்ள வைங்க" என்றாள். "அது பழைய இரும்பு இல்லை. அவரு வேலை முடியலை, அவ்வளவுதான்."

பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். ஜன்னல் வெளிச்சம் டிராக்டரின் வயிற்றுக்குள் எட்டவில்லை. எந்தப் போல்ட் எங்கே என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் கூட இருந்தவள் கொஞ்சம் வேலையையும் பார்த்திருக்கலாம் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஆனால் ஒன்று மட்டும் கண்ணில் நின்றிருந்தது. முறுக்குவதற்கு முன்னால் எல்லாப் போல்ட்டையும் துளைகளில் வெறுமனே செருகி வைத்துவிட்டு, தலைகளை விரலால் தடவிப் பார்ப்பார். எல்லாம் வெளியே ஒரே அளவு துருத்திக்கொண்டு நின்றால்தான் முறுக்க ஸ்பேனரை எடுப்பார்.

ஒன்றைச் செருகினாள். விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. உருவிவிட்டு வேறொன்று. அது முழுக்கவே உள்ளே போனது. மூன்றாவது போல்ட் ஒரு விரல் அகலத்துக்கு நின்றது. அது அளவாக இருந்தது.

பின்னால் காலடிச் சத்தம். நாத்தனார்தான். பலகையிலிருந்த டார்ச்சை எடுத்து அடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அண்ணி அழுகிறாளா என்று பார்க்கத் தோன்றியிருக்க வேண்டும். வெளிச்சம் நேரே கண்ணில் வந்து விழுந்தது.

"மூஞ்சில அடிக்காதடி" என்றாள் அவள். "கையில அடி."

வெளிச்சம் கீழே இறங்கி, அடுத்த துளையில் வந்து நின்றது.