அட்டைக்கு மாப்பிள்ளையின் பெயர்

1

"என்ட மகன்ட பேர அட்டைக்கா வெச்ச? இரத்தம் குடிக்கிற சாமானுக்கா?"

"மாமி, அது மரியாதைக்கு வெச்ச பேர்."

"அப்ப ஒன்ட வாப்பாட பேர வெச்சிருக்கலாமே!"

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது, பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலாக. நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். (காய்ந்த உடுப்பைத்தான்.)

2

'மாவடிப்பள்ளி வயல்வெளியில் பொழுது புலரும் வேளையில்...' என்று தொடங்கிப் பார்த்தேன். வேண்டாம். புலர்ந்தால் என்ன, புலராவிட்டால் என்ன?

விஷயம் இதுதான். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிக்கும் பக்கத்து வீட்டு சுல்பிகா, மாவடிப்பள்ளி வாய்க்காலில் யாரும் இதுவரை பதியாத ஓர் அட்டையைக் கண்டாள். கண் எத்தனை, உடம்பில் வளையம் எத்தனை என்று பழைய இனங்களோடு ஒப்பிட்டுப் புதியதென நிறுவினாள். இலத்தீன் பெயரில், தனக்குப் பேசிவைத்த மாப்பிள்ளை றுமைஸையும் சேர்த்துவிட்டாள். ஆய்விதழில் அச்சாகியும்விட்டது. அந்தத் துறைக்காரர் எழுதக்கூடிய காதல் கடிதம் அதுதான். எங்கள் ஊர் கல்முனைக்கு அது விளங்குமா?

3

"மாத்திடு" என்றான் றுமைஸ். அவன் வேலைசெய்யும் வங்கியில் 'அட்டை மச்சான்' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

"அச்சில வந்த பேர மாத்தேலா. அதான் விதி."

"ஒரு வழியும் இல்லயா?"

வழி இருந்தது. (அதை அவள் சொல்லியிருக்கக் கூடாது என்பது என் கட்சி.) 'இது பழைய இனந்தான், நான்தான் பிழையாகப் பார்த்துவிட்டேன்' என்று அவளே எழுதிவிட்டால், பழைய பெயர் நிலைக்கும், புதுப்பெயர் தள்ளுபடி.

"அப்ப எழுதன்."

"பொய்யையா?"

"ஒரு அட்டைக்காகவா புள்ள என்னோட மல்லுக்கட்டுறாய்?"

'அப்போது அவன் கண்கள் கலங்கி...' என்று எழுதி அடித்துவிட்டேன். சீதன வீடு கேட்டபோது கலங்காத கண் இப்போது மட்டும் ஏன் கலங்கவேண்டும்?

சுல்பிகா எழும்பினாள். "வாப்பா கட்டின ஊட்டக் கேட்டீங்க, தந்தம். நான் கண்டத காணல்லயெண்டும் எழுதித் தந்தா, பொறகு எனக்கெண்டு என்ன இருக்கு?"

4

ஒரு முடிவில் அவள் எழுதிக் கொடுக்கிறாள். கல்யாணச் சாப்பாடு அருமை. இன்னொன்றில் மாமி பெரிய மனது வைத்து மன்னிக்கிறா. இரண்டையும் கிழித்தேன். மன்னிக்க என்ன இருக்கிறது? கண்ணால் கண்டதை இல்லையென்று கையெழுத்து வைத்துத்தான் ஒருத்தி பந்தலுக்குள் வரவேண்டுமென்றால், அந்தப் பந்தலை நான் கட்டமாட்டேன்.

றுமைஸ் அடுத்த வருடமே இறக்காமத்தில் கல்யாணம் முடித்தான், சீதனம் மாடிவீடு. சுல்பிகாவுக்குக் கண்டியில் வேலை கிடைத்தது. பஸ் ஏறும்போது அவள் அழுதாளா, சிரித்தாளா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.