வெந்தயம் மணக்கும் பீப்பாய்

யதுஷன் வாசலில் நின்றபடியே மூக்கை உயர்த்தினான்.

"அங்கிள், யூ குக்ட்."

"இல்லைத் தம்பி."

"அங்கிள், கம் ஆன். கறி மணக்குது. ஸட்டர்டே இன்ஸ்பெக்ஷன். நோ கறி எண்டு நான் சொன்னனான்தானே?"

யதுஷன் என் வீட்டை விற்றுத்தர வந்த முகவர். இங்கே மெல்பேர்னில், கிரான்பர்ன் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. நீலக் கோட்டுக்குள் நின்று ஆங்கிலத்தில் கோபப்படுவான், தமிழில் கெஞ்சுவான். வீடு விற்கும்வரை குழம்பு, பொரியல், தாளிப்பு ஒன்றும் கூடாது என்பது அவன் போட்ட முதல் சட்டம். நான் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் பல நாளாகப் பாணும் அவித்த முட்டையும் தின்று சீவிக்கிறேன். ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாக என் சட்டைகளில் சவர்க்காரம் மட்டும் மணக்கிறது. பஸ் டிப்போவில் கூட வேலை செய்பவர்கள் எனக்கு ஏதோ வியாதி என்று நினைக்கிறார்கள்.

அவன் விமான நிலையத்து நாய்போல மோப்பம் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போனான். அங்கே ஒன்றும் அகப்படவில்லை. கூடத்தைக் கடந்து, கராஜுக்குப் போகும் கதவடியில் நின்றான்.

"இதுக்குள்ள என்ன?"

"பிரான்ஸ்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. என் பகிடிக்குச் சிரிக்காதவர்களோடுதான் எனக்கு வாழ்க்கை முழுக்கச் சகவாசம்.

கதவைத் திறந்தேன். மாசி மாத வெக்கையில் கராஜ் அவிந்துகொண்டிருந்தது. நடுவிலே மரத் தாங்கியில் ஒரு ஓக் பீப்பாய். வெந்தயத்தை வறுத்து, அதோடு வால்நட் பருப்பையும் இடித்துப் போட்டதுபோல ஒரு வாசம் முகத்தில் அடித்தது.

"திஸ் ஹாஸ் டு கோ, அங்கிள். சனிக்கிழமை வாற கப்பிள் சீரியஸ் பையர்ஸ். கராஜை அம்மா அப்பாவுக்கு ரூம் ஆக்கப் போயினம். இந்த மணத்தோட வித்தா விலை விழும்."

பீப்பாய் தாட்சாயினியுடையது. தாட்சாயினி என் மனைவி. இன்னும் சில கையெழுத்துகளுக்கு மட்டும். போன வருடம் பிரிந்து டண்டினோங்கில் ஒரு சின்ன யூனிட் வீட்டுக்குப் போய்விட்டாள். மகள் சிட்னியில் இருக்கிறாள். எங்கள் இரண்டு பேருடைய போனையும் எடுப்பதை நிறுத்திவிட்டாள், நடுநிலை வகிக்கிறாளாம். வீட்டை விற்றுப் பாதிப் பாதி எடுப்பது என்று முடிவானபோது தாட்சாயினி கேட்டது ஒன்றே ஒன்று: பீப்பாயில் உள்ள வைன் பதமாகும்வரை, ஆனி மாதம் வரைக்கும் பொறுங்கள் என்றாள். நான் முடியாது என்றேன். ஏன் முடியாது என்று அவள் கேட்டாள். எனக்குக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே இன்னும் பலமாக முடியாது என்றேன்.

அவள் ஒரு வைன் கம்பெனி ஆய்வுகூடத்தில் இரசாயனவியலாளர். மற்றவர்களுடைய வைனைச் சோதித்து, மற்றவர்களுடைய போத்தல்கள் கடைக்குப் போகக் கையெழுத்து வைப்பது வேலை. சொந்தமாக ஒரே ஒரு வைன் செய்யவேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்கு அவள் தேர்ந்தெடுத்தது கிழக்குப் பிரான்சில், சுவிஸ் எல்லை ஓரமாகக் கிடக்கும் ஜூரா என்ற மலைப்பக்கத்து வைனை. உலகத்தில் பாதிப்பேருக்கு அந்த இடம் தெரியாது. மற்றப் பாதிக்குத் தெரிந்தாலும் பிடிக்காது.

அங்கே மஞ்சள் வைன் என்று ஒன்று செய்கிறார்கள். சவன்யான் என்ற வெள்ளைத் திராட்சை. அதைப் பிழிந்து நொதிக்கவைத்து, பீப்பாயில் விட்டு, ஆறு வருடமும் மூன்று மாதமும் தொடாமல் வைக்கவேண்டும். வேறு இடங்களில் வைன் ஆவியாகக் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்புவார்கள். இங்கே நிரப்பக்கூடாது. குறைந்த இடத்தில் வைனின் மேலே வெள்ளையாக ஒரு ஆடை படரும். ஊறுகாய்ப் போத்தலில் கண்டால் நாங்கள் குப்பையில் கொட்டுகிற அதே மாதிரி ஆடை. அதுதான் வைனைக் காக்கும். பீப்பாயை ஆட்டினால் ஆடை கிழிந்து அடியில் போய்விடும். பிறகு அது வினாகிரி.

திராட்சையை அவள் கிங் பள்ளத்தாக்கில் ஒரு தோட்டக்காரரிடம் வாங்கினாள். அதை ஸ்பெயின் நாட்டு அல்பரீனோத் திராட்சை என்று நம்பித்தான் இந்த நாட்டில் பலபேர் நட்டார்கள். பிறகு பரிசோதித்துப் பார்த்தால் ஜூராவின் சவன்யான். வேறு பேரில் வந்து இறங்கி, பிடிபட்டு, ஆனாலும் வேர்விட்டு நிற்கிற கொடி. 'பயப்படாதே, எங்கட ஆக்களில கனபேர் அப்பிடித்தான்' என்று நான் அதற்கு ஆறுதல் சொன்னேன். தாட்சாயினி அதற்கும் சிரிக்கவில்லை.

யதுஷன் போனதும் அவளுக்குப் போன் எடுத்தேன்.

"உம்மட பீப்பாய் மணக்குது. சனிக்கிழமைக்குள்ள எடும்."

"அசைக்க ஏலாது எண்டு எத்தினை தரம் சொல்லுறது, விக்னராஜா?"

கல்யாணமான நாள் முதல் 'இஞ்சேரப்பா' என்று கூப்பிட்டவள், பிரிந்த நாள் முதல் முழுப் பெயர் சொல்கிறாள். சட்டத்தரணியின் கடிதம்போல இருக்கும்.

"அப்ப ஆக்கள் வரேக்க நீர் வந்து சொல்லும், இது கறியில்லை, பிரெஞ்சு மணம் எண்டு."

"வாறன்" என்று வைத்துவிட்டாள்.

அன்று பின்னேரமே வந்தாள். நேரே கராஜுக்குப் போனாள். பீப்பாயின் முகத்தில் இருந்த சின்னக் குழாயால் ஒரு விரற்கடை வைனைக் கிண்ணத்தில் இறக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பழைய வெண்கலத்தின் நிறம்.

"ஆனியோட ஆறு வருசமும் மூண்டு மாசமும் முடியுது. அதுமட்டும்தானே கேட்டனான்? சிட்னியில ஒரு ரெஸ்ரோரண்ட்காரர் முழுதையும் எடுக்கிறன் எண்டவர். மஞ்சள் வைன் எண்டு பேர் போட ஏலாது, அது அவையின்ரை பேர். என்ரை பேர் போடலாம். இருபது வருசமா நான் எந்தப் போத்தலிலையும் என்ரை பேரைக் கண்டதில்லை."

"என்ரை பேரும்தான் ஒரு போத்தலிலையும் இல்லை. நான் ஆரிட்டையும் அழேல்லையே."

"உங்கட பேரைப் போட்டா ஆர் குடிப்பினம்? தலையிடி மருந்தெண்டு நினைப்பினம்."

"நான்தானே முதலில கண்டுபிடிச்சனான், ஆர்பொவாவில. வெந்தயம் எண்டு."

சொல்லியிருக்கக்கூடாது. அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

ஆர்பொவா ஜூராவில் ஒரு சின்ன ஊர். பாரிசில் இருக்கும் அவளுடைய சித்தப்பா வீட்டுக்குப் போனபோது, அவள் ஆசைப்பட்டு என்னை ரயிலில் அங்கே இழுத்துக்கொண்டு போனாள். வைன் செய்கிற ஒருவர் தன் நிலவறையில் ருசி பார்க்கத் தந்தார், இங்கிலாந்துக்காரர் கூட்டம் ஒன்றும் அங்கே இருந்தது. முதலில் புல்சார், தோல் மெல்லிய சிவப்புத் திராட்சை. வைனும் சர்பத் போல வெளிறி இருந்தது. பிறகு துரூசோ, கொஞ்சம் முறுக்கான சிவப்பு. வெள்ளையைக் கடைசியில் தருவது அந்த ஊர் வழக்கம். கடைசியிலும் கடைசியாக மஞ்சள் வைன். நான் மணந்து பார்த்துவிட்டு, "இது என்ரை மாமியின்ரை வெந்தயக் குழம்பு, சோறு எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். நிலவறையே அதிர்ந்து சிரித்தது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஆகப்பெரிய சிரிப்பு அது.

"நீங்கள் சொன்னது சரி" என்றாள் தாட்சாயினி. "வெந்தயத்தில இருக்கிற அதே வாசப்பொருள்தான் இதிலையும் இருக்கு. மணந்தவுடன எனக்கும் பிடிபட்டது. அந்தாளிட்டைக் கேக்க வாயெடுத்தனான். அதுக்குள்ள நீங்கள் பகிடி விட்டிட்டீங்கள், எல்லாரும் சிரிச்சிட்டினம். அதுக்குப் பிறகு நான் என்ன கேட்டாலும் அதுவும் பகிடிதான். சாறி உடுத்த பொம்பிளை கறியைப் பற்றிக் கதைக்கிறா."

"நீர் சாறி உடுக்கேல்லை அண்டைக்கு."

"பாருங்கோ, இப்பவும்."

நான் வாயை மூடினேன். பிறகு, மூடிய வாய் எனக்குப் பழக்கமில்லாதபடியால், "சனிக்கிழமை" என்றேன். "சனிக்கிழமைக்கு இது வெளியால போகவேணும். இல்லாட்டி நானே றோட்டில உருட்டி விடுவன்."

அவள் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது கராஜ் திறந்திருந்தது. தாட்சாயினி தரையில் முழங்காலில் நின்று பீப்பாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். சுற்றிவரப் பழைய போர்வைகள், அதன்மேல் அகலமான பட்டிகள். நோயாளியை ஆம்புலன்சில் ஏற்ற ஆயத்தப்படுத்துவதுபோல இருந்தது.

"நாளைக்கு மத்தியானம் சாமான் ஏத்துற யூட் வண்டி வரும்" என்றாள்.

"ஆடை கிழியாதோ?"

"கிழியும்."

நான் காத்திருந்தேன். இதோ தொடங்கும், என் வம்சம் முழுக்க ஒவ்வொருவராக வரிசையில் வந்து வாங்கிக்கட்டிக்கொண்டு போவார்கள் என்று. அவள் கடைசிப் பட்டியை இறுக்கினாள். எழும்பி முழங்காலைத் தட்டினாள். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தாட்சாயினி ஒரு சண்டையையும் பாதியில் விட்டவள் இல்லை. சிட்னி மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் பூசை நடுவில் நிறுத்திய சண்டையை, மெல்பேர்ன் வந்து சேர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கியவள். அவள் திட்டாமல் போனது எனக்கு விளங்கவில்லை. பாணை முன்னால் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். தின்ன முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் சாமான்கடைக்குப் போய் ஒரு பை கட்டாக் கருவாடு வாங்கினேன். கடைக்காரர் யோகா அண்ணை, "என்ன, வீடு வித்தாச்சோ? கொண்டாட்டமோ?" என்று கேட்டார். "பாப்பம்" என்றேன்.

வாங்க வருகிறவர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எண்ணெயைக் கொதிக்கவைத்தேன். கருவாடு விழுந்ததும் வீடு முழுக்க ஒரு சத்தம், அதற்குப் பின்னால் அந்த மணம். பல நாள் பட்டினி கிடந்த என் மூக்கு அழுதது. யன்னல்கள் எல்லாவற்றையும் பூட்டினேன். காற்றாடியை வேறு போட்டேன்.

இளம் சோடி ஒன்று யதுஷனோடு வந்தது. பெண் வாசற்படியிலேயே துப்பட்டாவை மூக்கில் வைத்தாள். நான் கையில் அகப்பையோடு, "வாங்கோ, சாப்பிட்டிட்டுப் பாப்பம். இந்த வீட்டில இது வழமை. சுவருக்குள்ளையே போயிட்டுது, வெள்ளையடிச்சாலும் போகாது" என்றேன். கணவன் ஏதோ அவசரப் போன் வந்ததாகச் சொன்னான். போன் அடித்ததாக எனக்குக் கேட்கவில்லை.

யதுஷன் முகம் கோட்டின் நிறத்துக்கு வந்திருந்தது. "ஆர் யூ மாட், அங்கிள்? கையில வந்த சேல்! அன்ரிக்கு நான் என்ன சொல்லுறது?"

"ஆனி முடிய வா, தம்பி. அதுவரைக்கும் வீடு விக்கிறேல்லை. அன்ரியிட்டை நான் சொல்லுறன்."

"ஐ க்விட்" என்று கத்திவிட்டுப் போனான். கருவாட்டில் இரண்டு துண்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டுதான் போனான்.

யூட் வந்து நின்றபோது தாட்சாயினி முன் ஆசனத்திலிருந்து இறங்கினாள். கண்கள் வீங்கியிருந்தன. வாசலில் ஒரு மூச்சு இழுத்தாள், நின்றாள். குசினிக்குள் எட்டி, சட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் ஆய்வுகூடக்காரி, முடிவுக்கு வர அதிக நேரம் எடுக்கவில்லை.

"ஆக்கள் போட்டினமோ?"

"ஓடிட்டினம். ஆனி மட்டும் விக்கிறேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். அப்போது அவள் கண் என்னைத் தாண்டி, கூடத்தின் கடைசிக்குப் போனது.

"கராஜ் கதவு ஏன் திறந்து கிடக்குது?"

எனக்கு மறந்துபோயிருந்தது.

"விசரா!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். "பீப்பாய் மூச்சு விடுற சாமான்! கருவாட்டு மணம் உள்ளுக்குப் போனா ஆர் குடிக்கிறது? உங்கட கொப்பரோ? ஒரு நல்ல காரியத்தைத்தன்னும் ஒழுங்காச் செய்யத் தெரியாத மனிசன்! துவாய் கொண்டாங்கோ! ஈரத் துவாய்! நிண்டு பாக்கிறார் கோயில் தூண் மாதிரி!"

துவாய்களை நனைத்துக் கொண்டு ஓடினேன். கதவிடுக்கில் செருகச் செருக, என் அப்பா, பெரியப்பா, நான் பெயர்கூட மறந்துபோன பூட்டப்பா வரைக்கும் வரிசையாக வந்துபோனார்கள். அகப்பையை இன்னும் கையில் வைத்திருந்ததால் வியர்வையைத் துடைக்கமுடியவில்லை. யூட்காரன் வாசலில் நின்று, எடுப்பதா விடுவதா என்று கேட்டான். "போங்கோ!" என்று அவனையும் திட்டி அனுப்பினாள்.

பிறகு பட்டிகளை அவிழ்த்தாள். ஒரு துளி இறக்கி மணந்தாள். கண்ணை மூடி இன்னொருமுறை மணந்தாள்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. தப்பிட்டுது."

"நானும் ஒருக்கா மணந்து பாக்கட்டோ?"

"ஏன், பகிடி விடவோ?"

எனக்கு ஒரு பகிடி வந்தது, நல்ல பகிடி. விழுங்கிக்கொண்டேன். இதுவரை நான் குடித்தவற்றில் ஆகக் கசப்பானது அதுதான்.

"இதால ஒண்டும் மாறாது, விக்னராஜா" என்றாள். "வீடு ஆனிக்குப் பிறகு விக்கிறதுதான். கையெழுத்து வச்சது வச்சதுதான்."

"ஓம்."

"ஆடி மாசத்தில நான் ஆரோ, நீங்கள் ஆரோ."

"ஓம்."

கராஜுக்குப் புதுப் பூட்டு ஒன்றை வாங்கிவந்து போட்டாள். சாவியைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, இனி நான் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். புல் வெட்டுகிற மெஷின் உள்ளே மாட்டிக்கொண்டதை நான் சொல்லவில்லை. முற்றத்தில் புல் இப்போதே கணுக்காலுக்கு மேல் நிற்கிறது. பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் பார்த்து ஏதோ முணுமுணுக்கிறார். நான் கையைக் காட்டிச் சிரிக்கிறேன்.