கட்டை உருட்டிக் கேட்கக் கூடாத கேள்வி

கரண்ட் போனால் மற்ற ஷெட்டுகளில் ஆட்கள் டீக்கடைக்குப் போவார்கள். நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊர் சுற்றக் கிளம்புவோம். எண்பத்தேழில் அருப்புக்கோட்டையில் கரண்ட் போவதற்கு நேரங்காலமே கிடையாது. விசைத்தறிகள் நின்றதும் மேஸ்திரி சென்னகேசவன் துண்டை விரித்து, பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் எடுத்து வைத்துவிடுவார்.

தாயம் ஆடினோம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டமும் கிடையாது, காயும் கிடையாது. ஆளுக்கொரு வேஷம். லிங்கம்மாக்கா நாடிழந்த ராணி. நான், ஜெயசெல்வி, தூத்துக்குடி ரோட்டில் லாரி ஓட்டுகிறவள். சௌந்தர் திருடன். அவன் மூஞ்சிக்கு ஒரு கோழியைக்கூடத் திருட முடியாது, அது வேறு விஷயம். மேஸ்திரி கதையை ஒரு சிக்கலில் கொண்டுவந்து நிறுத்துவார்.

"பந்தல்குடி தாண்டி ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு. செல்வி, என்ன செய்யப் போற?"

நான் சொன்னது பலிக்குமா என்பதைக் கட்டை சொல்லும். தாயம் விழுந்தால் நினைத்தது அப்படியே நடக்கும். இரண்டு கட்டையிலும் புள்ளியில்லாத பக்கம் விழுந்தால் ஊரெல்லாம் பன்னிரண்டு என்று குதிப்பார்கள். எங்கள் ஷெட்டில் அது இழை அறுந்த கணக்கு. பக்கத்து ஆள் தன் முறையை விட்டுக்கொடுத்து முடிச்சுப் போட்டால்தான் அறுந்தவர் மேலே போகலாம். எனக்கு முடிச்சுப் போட்டுப் போட்டே சௌந்தரின் திருடன் வருஷக்கணக்கில் பந்தல்குடியைத் தாண்டவில்லை. அந்த இருட்டு ஷெட்டுக்குள் நான் பார்த்த ஊர்களை அதற்கப்புறம் பஸ்ஸில் போயும் பார்க்கவில்லை. என்ன ஒரு சந்தோஷம் அது!

அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் தொலைந்தேன். "ஆண்டவரச் சிலுவையில அறஞ்சுட்டு அவரு உடுப்புக்குச் சீட்டுப் போட்ட கூட்டத்து வேல இது" என்று, கட்டையைக் கண்ணால் பார்த்தாலே ஜெபத்துக்கு உட்கார்ந்துவிடுவாள்.

சௌந்தருக்கு ஈரோட்டில் வேலை கிடைத்தது. மறுநாள் கிளம்புகிறான் என்ற அன்று எனக்குக் காலையிலிருந்தே எரிச்சல். அவன் போய்விட்டால் எனக்கு என்ன இருக்கிறது? சொல்லத்தான் வாய் வரவில்லை. அவன் மேஸ்திரி, லிங்கம்மாக்கா மாதிரி கன்னடம் பேசுகிற நெசவுக்கார வீட்டுப் பையன், நான் சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பெண். அவன் கேட்டால் சரி என்று சொல்ல நான் தயார், ஆனால் அவனாகக் கேட்க வேண்டும்.

மத்தியானம் கரண்ட் போனது. மேஸ்திரி கதையைத் தொடங்கும் முன்பே சௌந்தர் கட்டையைக் கையில் எடுத்தான்.

"திருடன் லாரிய நிப்பாட்டுறான். தன்னக் கட்டிக்கிறியான்னு லாரிக்காரியக் கேக்குறான்." கட்டையை இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தான். "தாயம் விழுந்தா அவ சம்மதிச்ச மாதிரி."

லிங்கம்மாக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "உருட்டு" என்றார் மேஸ்திரி. கட்டை உருண்டது. எனக்கு வந்ததே கோபம்! அது நிற்பதற்குள் உள்ளங்கையால் அமுக்கிவிட்டேன்.

"ஏலே, என் மனசு இந்தப் பித்தளைக்கு எப்படிலே தெரியும்?"

"ரூலுன்னா ரூலு தாயி" என்றார் மேஸ்திரி.

"அப்ப இன்னையிலருந்து புது ரூலு. ஆள் மனசக் கேக்குற காரியத்துக்குக் கட்ட கெடையாது. வாயிருக்குல்ல, வாயால கேக்கட்டும்."

மேஸ்திரியும் லிங்கம்மாக்காவும் கன்னடத்தில் ஏதோ வேகமாகப் பேசிக்கொண்டார்கள். "சரி, சேத்துக்கிருவோம்" என்று மேஸ்திரி தலையாட்டினார்.

எல்லாரும் சௌந்தரைப் பார்த்தோம். அவன் தரையைப் பார்த்தான். பாவிப்பய, இதுக்கா இத்தனை நாள் முடிச்சுப் போட்டான் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. அவரவர் தறிக்குப் போனோம். எல்லாத் தறியும் தடதடவென்று ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. எதிர்த் தறியில் நின்ற சௌந்தர் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தச் சத்தம் கொடுத்த தைரியத்தில் வாயைத் திறந்தான்.

"செல்வி, என்னக் கட்டிக்கிறியா?"

மடையன்! தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்குக் காது எதற்கு? வாயசைவிலேயே ஒரு குடும்பச் சண்டையை முழுசாகப் போட்டு முடிக்கிறவர்கள் நாங்கள். திரும்பிப் பார்த்தால் மேஸ்திரி, லிங்கம்மாக்கா, ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"கட்டிக்கிறேன்லே!" என்றேன், மூலைத் தறிக்காரருக்கும் தெரியும்படி வாயை அகலத் திறந்து.