நடுவில் வந்த ஒரு நல்ல துடிப்பு

அக்காவின் ஈ.சி.ஜி. தாளில் எனக்குப் பிடித்த பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். அவசரப் பிரிவில் அன்று நான்தான் டாக்டர். இதய டாக்டர் வந்து சேர நேரமாகும்.

துடிப்புகள் அகல அகலமாக, அசுர வேகத்தில் ஓடின. வேகம் இதயத்தின் மேலறையில் பிறந்து, மின்துடிப்பு கீழறைக்கு இறங்கும் வழியில் ஒரு கிளை அடைபட்டுச் சுற்றிப் போவதால் இந்த அகலம் என்றால், பிழைத்தோம். ஒரு ஊசி போதும். கீழறையே தறிகெட்டு ஓடுகிறதென்றால் அதே ஊசி ஆளை முடித்துவிடும்.

வேறு யாராவது படுத்திருந்தால் மோசமானதைத்தான் முதலில் நினைத்திருப்பேன். எங்கள் தொழிலில் அதுதான் பழக்கம். இவள் என் அக்கா. மார்பில் ஒட்டிய முதல் கம்பி வரைந்த கோட்டில், ஒவ்வொரு துடிப்பிலும் முயல் காது மாதிரி இரண்டு முனைகள். வலது காது உயரமாக இருந்தால் ஊசிக்குச் சாதகம். தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, வலதுதான் உயரம் என்று என்னையே நம்பவைத்தேன்.

"ஊசியை எடுங்க சிஸ்டர்."

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் அக்கா. உதடு வெளுத்திருந்தது.

"நீ வாயை மூடிட்டுப் படு."

மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்த அத்தான் துள்ளினார். "அதோ! ஒண்ணு ஒல்லியா, அழகா வந்துச்சு! சரியாகுது பாத்தியா?"

பார்த்தேன். அடைபட்ட கிளை இந்த ஓட்டத்துக்கு நடுவில் இப்படி ஒல்லியாக ஒன்றை விடாது. மேலறை எப்படியோ ஒரு துடிப்பை உள்ளே நுழைத்திருக்கிறது. அப்படியென்றால் மற்றதெல்லாம் கீழறையின் வேலை.

"சந்தோஷப்படாதீங்க!" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். "சிஸ்டர், ஊசி வேண்டாம்! நிறுத்துங்க! மயக்கம் குடுங்க, ஷாக் வைக்கணும்."

சிஸ்டரின் கை அக்காவின் நரம்பருகே நின்றது. ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருந்தது.

"ஷாக்கா? பயமா இருக்குடி..." அக்கா என் கையைப் பற்றிக்கொண்டாள். மயங்கிய பிறகும் விடவில்லை. நான் அவளைத் தொட்டுக்கொண்டு ஷாக் வைக்க முடியாது. விரல் விரலாகப் பிரித்தெடுத்தேன். பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது.

"எல்லாரும் தள்ளிப் போங்க."

அழுத்தினேன். உடம்பு தூக்கிப் போட்டது. திரையில் வெறும் கோடு. கடவுளே, கடவுளே என்று வாய்விட்டே சொன்னேன்.

ஒல்லியாக ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று.

அத்தான் இந்த முறை திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"இப்போ சந்தோஷப்படலாமா?"

"இன்னும் கொஞ்சம் வரட்டும் அத்தான்," என்றேன்.